ராஜபாளையம் நாயும் வளர்ப்பவரும்: உருவப்படம் எடுக்கத் திட்டமிடுதல்

வளர்ப்பு விலங்கையும் அதை வளர்ப்பவரையும் ஒரே சட்டத்தில் வைத்து எடுக்கும் உருவப்படம் ஒளிப்படக் கலையின் ஒரு பிரிவாகும். குதிரையும் அதன் உரிமையாளரும் சேர்ந்து நிற்கும் படங்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளில் அந்தக் குதிரையின் இடத்தில் இருப்பது ராஜபாளையம் நாய். தூய வெள்ளை உடலும், அயலாரை எளிதில் நெருங்கவிடாத குணமும் உடைய இந்த நாயைப் பதற்றமின்றிப் படமெடுக்க முன்கூட்டியே திட்டமிடல் வேண்டும். அதன் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நாயின் இயல்பு

ராஜபாளையம் நாய் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட தமிழ்நாட்டு இனம். ஆழ்ந்த மார்பும், நீண்ட கால்களும், ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. வரை உயரமும் கொண்டது. குட்டையான வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள் ஆகியன இதன் அடையாளங்கள். இந்திய அஞ்சல் துறை 2005-இல் நாட்டு நாயினங்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றுடன் இதன் பெயரும் இடம்பெற்றது.

இந்த இனத்தின் இரண்டு இயல்புகள் படமெடுப்பவருக்கு முக்கியமானவை. முதலாவது, இது வீட்டில் ஒருவரையே தன் ஆளாகக் கொள்ளும் நாய் என்று பெயர்பெற்றது. தன் ஆள் அல்லாத ஒருவர் உற்று நோக்குவதையும், குனிந்து தலையைத் தொடுவதையும் விரும்பாது. பெரிய கண்ணாடி வட்டத்துடன் நேருக்கு நேர் நீளும் கேமராவும் நாய்க்கு உற்று நோக்கும் ஒரு கண்தான். இரண்டாவது, முழு வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதுண்டு. ராஜபாளையம் இனத்திலும் இது அறியப்பட்ட குறை. விசில் ஊதியும், நாக்கைச் சொடுக்கியும் கூப்பிட்ட பிறகும் திரும்பாத நாயைத் திமிர் பிடித்தது என்று சொல்லிவிடுவார்கள். அதற்குக் காதே கேட்காமல் இருக்கலாம். இதை வளர்ப்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். செவிட்டு நாயைப் பின்புறமாக அணுகித் தொடக்கூடாது. திடுக்கிட்டுக் கடித்துவிடும்.

விற்பனைப் படமும் உருவப்படமும்

ராஜபாளையம் நாய்களின் படங்களில் பெரும்பான்மை விற்பனைக்காகவோ கண்காட்சிக்காகவோ எடுக்கப்படுபவை. அவற்றில் நாய் பக்கவாட்டில் நிற்கும்; சங்கிலி கழுத்தை மேலே இழுத்திருக்கும்; வளர்ப்பவரின் ஒரு கை மட்டும் ஓரத்தில் தெரியும். மார்பின் ஆழமும் முதுகின் கோடும் காட்ட இது ஏற்ற முறைதான். ஆனால் நாய்க்கும் ஆளுக்கும் உள்ள உறவு அதில் தெரியாது. உருவப்படத்தில் வளர்ப்பவர் வெறும் கையாக அல்லாமல் முழு ஆளாக இருக்க வேண்டும் என்பதே வேறுபாடு. எந்த வகைப் படம் தேவை என்பதை இரு தரப்பும் முதலிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. இரண்டையும் ஒரே காலையில் எடுக்க முயன்றால், சங்கிலியில் இழுபட்டு எரிச்சலடைந்த நாய்தான் உருவப்படத்துக்கு மிஞ்சும்.

முதல் சந்திப்பு

படப்பிடிப்புக்குச் சில நாள் முன்னதாக ஒருமுறை வீட்டுக்கோ தோட்டத்துக்கோ கேமரா இல்லாமல் போய்வருவது பயன் தரும். வாசலில் வளர்ப்பவருடன் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும். நாயைக் கூப்பிட வேண்டியதில்லை. தானாக வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அப்போதே அது வழக்கமாகப் படுக்கும் இடம், காலையில் அதை அவிழ்த்துவிடும் நேரம், சோறு வைக்கும் நேரம், தெருவில் எந்தச் சத்தத்துக்குக் குரைக்கிறது என்பனவற்றைக் கவனித்துக்கொள்ளலாம்.

குளிப்பாட்டுவதை முந்தின நாளே முடித்துவிட வேண்டும். கழுத்துப்பட்டை வெள்ளை முடியில் பழுப்புத் தடம் பதிக்கும். சில மணி நேரம் முன்பே அதைக் கழற்றி மெல்லிய கயிற்றுக்கு மாற்றினால் முடி நிமிர்ந்துகொள்ளும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஓடவிடுவது ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு ஆபத்தானது. ஆதலால் படப்பிடிப்பு முடிந்த பின்பே முழு உணவு தரப்பட வேண்டும்.

நேரமும் இடமும்

ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் அந்தி நேரத்துக்கு முன்பே இங்கு சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. மாலைப் பொன்னொளியை நம்பி வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏமாறும் இடம் இது. மாறாக, காலை வெயில் கிழக்கிலிருந்து நேராக மலைமுகத்தில் விழும். மலை பின்னணியாக வேண்டுமெனில் காலையில், சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரமே சிறந்தது. மாலையில் சூரியன் மறைந்த பின் கிடைக்கும் நிழலற்ற மெல்லொளி, மலையைக் கருநீலமாக்கி வெள்ளை நாயை எடுத்துக் காட்டும். ஆனால் அது சிறிது நேரமே நிற்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பச்சை மிஞ்சியிருக்கும் மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். இளஞ்சிவப்பு மூக்கும் வெயிலில் புண்ணாகும். வெடிச் சத்தம் ஓயாத தீபாவளி வாரத்தையும், ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தையும் தவிர்க்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, நாய்க்குப் பழகிய இடத்தைவிட நல்ல இடம் இல்லை. வீட்டுத் திண்ணை, மாட்டுத்தொழுவத்தின் வாசல், மாந்தோப்பின் ஓரம், கிணற்றடி ஆகியவை போதுமானவை. ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் படத்தில் வர வேண்டுமென ஆசைப்படுவோர், கூட்டமுள்ள வீதிக்கு நாயை இழுத்துச் செல்லாமல் தொலைவிலுள்ள வயலிலிருந்து நீண்ட லென்ஸில் எடுக்கலாம். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் ஆற்றுப்பகுதி ஆகியவை அழகானவை எனினும் காட்டை ஒட்டியவை. 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வளர்ப்பு நாயிலிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றும் என்பதால் காட்டுக்குள் நாயைக் கொண்டுசெல்வது கூடாது.

வெள்ளை நாயும் கருத்த முகமும்

இவ்வகைப் படத்தின் பெருஞ்சிக்கல் ஒளியளவு. கேமராவின் ஒளிமானி, காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெள்ளை நாய் சட்டம் முழுவதையும் நிறைத்தால் அது அழுக்குச் சாம்பலாக விழும். அதே நாய் பத்தடி பின்னே போய், இருண்ட மாந்தோப்பின் முன் நின்றால், இருட்டை ஈடுகட்ட ஒளிமானி கூடுதல் ஒளியை உள்ளே விடும். நாய் முடியின் விவரமெல்லாம் வெளுத்து அழிந்துவிடும். நாய் மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. படம் மட்டும் மாறுகிறது. எனவே தானியங்கி முறையை விட்டு, நாயின் உடலில் மிகப் பிரகாசமான பகுதி வெளுக்காத அளவில் ஒளியளவைக் கையால் அமைத்து, வெளிச்சம் மாறும்வரை அதைத் தொடாமல் இருப்பதே வழி. வெளுத்த பகுதியைச் சிமிட்டிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. ரா கோப்பாகப் பதிவது திருத்தத்துக்கு இடம் தரும்.

பக்கத்தில் நிற்பவர் வெயிலில் உழைத்துக் கருத்தவராக இருந்தால் சிக்கல் இரட்டிக்கும். ஒரே ஒளியில் அவர் முகத்துக்கும் நாயின் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு மூன்று ஸ்டாப் அளவுக்கும் போகலாம். நேர்வெயிலில் இது தீராது. கூரையோ மரமோ தரும் நிழலின் ஓரத்துக்கு இருவரையும் கொண்டுவந்து, வளர்ப்பவரின் முகத்தைத் திறந்த வானத்தை நோக்கித் திருப்பி, நாயை அரை அடி நிழலுக்குள் தள்ளி நிறுத்தினால் வேறுபாடு பாதி குறையும். மீதிக்கு ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை போதும். அதை அறிமுகமற்ற உதவியாளர் கையில் பிடித்து ஆட்டினால் நாய் மிரளும். முன்பே சுவரில் சாய்த்துவைத்துவிட வேண்டும்.

செம்மண் தரை நாயின் அடிவயிற்றில் சிவப்பையும், புல்தரை பச்சையையும் பிரதிபலிக்கும். சாம்பல் அட்டையை ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் நிறம் திருத்த எளிது. வளர்ப்பவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தால் நாய் அதற்குள் கரைந்துபோகும். கருநீலம், அரக்கு, கரும்பச்சை போன்ற நிறங்கள் பொருந்தும்.

திருத்தத்தில் நாயின் வெள்ளையைக் காக்கும் கவனம் ஆளின் கருமையைக் காப்பதில் பலருக்கு இருப்பதில்லை. கைப்பேசிகளின் அழகூட்டும் வசதி முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கி, தோலின் சுருக்கங்களை அழித்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டே எடுக்க வேண்டும். முகத்தில் கண்ணும் கன்னமும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஒளி ஏற்றலாம். நிறத்தை மாற்றினால் வீட்டார் அடையாளம் காணும் ஆள் அதில் இருக்கமாட்டார்.

படப்பிடிப்பு

70 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸ், படமெடுப்பவரைத் தள்ளி நிற்க அனுமதிக்கும்; நாயின் நீண்ட மூக்கையும் மிகைப்படுத்தாது. துளையை மிக அகலமாகத் திறந்தால் நாயின் கண் தெளிவாகவும் மூக்கு மங்கலாகவும் விழும். இரு முகங்களும் துலங்க எஃப் 5.6 அளவு வேண்டும். நிற்கும் நாய்க்கு 1/500 நொடியும், ஓடும் நாய்க்கு 1/1000 அல்லது அதைவிட விரைவான ஷட்டர் வேகமும் தேவை.

கேமரா நாயின் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். எலியட் எர்விட் 1946-இல் நியூயார்க்கில் எடுத்த புகழ்பெற்ற படத்தில், ஒரு பெண்ணின் காலணிகளும் சிறு சிவாவா நாயும் மட்டுமே உள்ளன. கேமரா தரையோடு இருப்பதால் அந்த நாய் முழு ஆளாக நிற்கிறது. ராஜபாளையம் நாயின் உயரத்துக்குத் தரையில் படுக்க வேண்டியதில்லை. சற்றுப் பக்கவாட்டில் குந்தி அமர்ந்தால் போதும். நேரெதிரே குந்துவதை நாய் சவாலாகக் கொள்ளும்.

நாயை உட்காரச் சொல்லி வற்புறுத்துவதைக் காட்டிலும், வளர்ப்பவர் திண்ணையில் அமர்ந்து தம் வேலையைச் செய்வது நல்லது. நாய் தானே வந்து சாய்ந்துகொள்ளும். வாயில் ஒன்றும் இல்லாதபோதே உதட்டை நக்குதல், அடிக்கடி கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், வாலை இடுக்குதல் ஆகியவை பதற்றத்தின் அறிகுறிகள். அவை தெரிந்ததும் கேமராவைக் கீழே வைத்துத் தண்ணீர் காட்ட வேண்டும். மொத்தப் படப்பிடிப்பு முக்கால் மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உறவினர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று கூப்பிடுவது ஊர்ப்புறத்தில் தவிர்க்க முடியாதது. அவர்களையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டால் விலகிக்கொள்வார்கள்.

குதிரையுடன் ஒப்பீடு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை போன்ற இடங்களில் குதிரையைப் படமெடுப்போருக்கும் இத்திட்டத்தின் பெரும்பகுதி பொருந்தும். வேறுபாடு அச்சத்தின் தன்மையில் உள்ளது. குதிரை அஞ்சினால் ஓடும். ராஜபாளையம் நாய் தன் எல்லையில் எதிர்த்து நிற்கும். குதிரையின் காதுகள் முன்னோக்கி நிமிர்ந்த கணமே படத்துக்கு உரியது என்பதால், காகிதத்தைச் சரசரக்கச் செய்து அதன் கவனத்தை ஈர்ப்பார்கள். அத்தகைய புதிய ஒலி இந்த நாயைக் காவலுக்கு எழுப்பிவிடும். செவிட்டு நாயாயின் பயனே இராது. வளர்ப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் கையை மெல்ல உயர்த்திக் காட்டினால் அது திரும்பிப் பார்க்கும்.