கைப்பிழையா, கருவிப்பிழையா?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பழமொழி. குறி தவறியதும் துப்பாக்கியின்மேல் பழி போடுவோரைக் கண்டால் இது நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால், கூடம் மெய்யாகவே கோணலாயிருந்தால் என்ன செய்வது?

என்.சி.சி. மாணவியர் சுட்டுப் பழகும் .22 ரைபிளையே எடுத்துக்கொள்வோம். ஐந்து குண்டுகள் சுட்டபின் இலக்கு அட்டையைப் பார்க்கிறோம். நடுப்புள்ளியை விட்டு விலகினாலும் ஐந்தும் ஒன்றையொன்று நெருங்கி விழுந்திருந்தால் வருந்த வேண்டுவதில்லை. கை உறுதியாகவே இருக்கிறது. பெரும்பாலும் திருத்த வேண்டியது குறிகாட்டியைத்தான்.

ஐந்தும் சிதறியிருந்தால்தான் சங்கடம். மூச்சை அடக்காமலும், விசையை வெடுக்கென்று இழுத்தும், கன்னத்தை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பதித்தும் சுட்டால் குண்டுகள் சிதறும். திருகாணி தளர்ந்தாலும், பலவகைத் தோட்டாக்கள் கலந்துவிட்டாலும் அப்படியே சிதறும். அட்டையை மட்டும் பார்த்து எவராலும் தீர்ப்புச் சொல்ல இயலாது. அதே ரைபிளைத் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்ல வேண்டும். நாம் வேறொரு ரைபிளில் சுட்டுப் பார்க்க வேண்டும். சிதறல் ரைபிளோடு போகிறதா, நம்மோடு வருகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இன்னொரு வழி நமக்கு மிகவும் பிடித்தது. சுட்ட நொடியிலேயே, அட்டையைப் பாராமல், “வலப்பக்கம், கீழே” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குண்டு அங்கேயே விழுந்திருந்தால் பிழை நம்முடையது. “நடுவில்” என்று சொன்னவை மீண்டும் மீண்டும் வேறெங்கோ விழுந்தால், பயிற்சியாளரிடம் சொல்லித் திருகாணிகளைச் சோதிக்க வேண்டும். (பழகாத கண்ணுக்கு இது உடனே கைவராது.)

அபினவ் பிந்த்ரா 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஏழாம் இடமே பெற்றார். தாம் நின்ற இடத்தில் தரை ஆடியதை அவர் பின்னரே அறிந்தாராம். அங்கே கூடமே கோணல்! பிறகு 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில், 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் 600க்கு 596 புள்ளிகள் எடுத்தார். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனையாகச் சுட்டபோது குண்டு நடுவை விட்டு வெகுவாக விலகி விழுந்தது. 596 எடுத்த கை அதற்குள் அவ்வளவு பிசகுமா? அவர் கலங்காமல் குறிகாட்டியைத் திருத்திக்கொண்டார். இறுதிச் சுற்றின் முதல் குண்டுக்கு 10.7, பத்தாவதற்கு 10.8. மொத்தம் 700.5 புள்ளிகளுடன், தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது.