வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெளியூரிலிருந்து வழி

அலுவல் நிமித்தம் வெளியூரில் தங்கியிருக்கும் ஒருவர், தம் வீட்டிலுள்ள கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்தே இயக்கி, அதில் சேமித்துள்ள குறிப்புகளையும் அட்டவணைகளையும் எடுத்துக்கொள்ளுதல் இன்று சாத்தியமாகியுள்ளது. எனினும், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எளிதில் கிடைக்கும் இத்தொடர்பு, வீட்டை விட்டு வெளியேறியதும் அற்றுப்போகிறது. வீட்டிற்கும் இன்டர்நெட்டிற்கும் இடையே நிற்கும் ரூட்டர் என்னும் சிறு கருவியே இதற்குக் காரணமாகும். அதன் செயல்முறையை அறிந்தாலன்றி, வழியைத் திறப்பதும் திறந்த வழியைக் காப்பதும் அரிதாம்.

விலாசப் பற்றாக்குறை

இன்டர்நெட்டில் இணையும் கருவிக்கு எண்களாலான விலாசம் வேண்டும். நெடுங்காலமாக வழங்கிவரும் நான்காம் பதிப்பு முறையில் இது 32 பிட் அளவுடையது. ஆகவே மொத்த விலாசங்கள் சுமார் 429 கோடியே. இது போதாதெனக் கண்ட வல்லுநர்கள், விலாசங்களை இடையில் மாற்றித் தரும் முறையை 1994-ல் வகுத்துரைத்தனர். 192.168 என்று தொடங்குவன போன்ற சில தொகுதிகளை எந்த வீட்டிலும் உபயோகிக்கலாம். பொது வலையில் அவை செல்லுபடியாகா. வெளியுலகிற்கு வீட்டுக் கருவிகள் யாவும் ரூட்டரின் ஒரே விலாசத்தைக் கொண்டே தோன்றுகின்றன.

உள்ளிருந்து ஒரு கம்ப்யூட்டர் செய்தி அனுப்புகையில், ரூட்டர் அதனைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வந்ததும் உரிய கருவியிடம் சேர்க்கிறது. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புக்கோ அட்டவணையில் குறிப்பு ஏதுமில்லை. விடுதியின் விலாசம் மட்டும் எழுதி, மாணவன் பெயர் எழுதாத கடிதம் வாயிலிலேயே நின்றுவிடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

வழி திறத்தல்

ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனப்படும் வாயில் எண் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரின் திரையைத் தொலைவில் காட்டும் சேவைக்கு வழக்கமான எண் 3389. இவ்வெண்ணுக்கு வரும் அழைப்பை இன்ன கம்ப்யூட்டருக்கு அனுப்புக என்று ரூட்டரில் பதிந்தால் வழி திறக்கும். அக்கம்ப்யூட்டருக்கு மாறாத உள்விலாசம் அளிக்க வேண்டும். வீட்டின் பொது விலாசம் அவ்வப்போது மாறுமாயின், மாற்றத்தைப் பின்தொடரும் பெயர் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும்.

எல்லா வீடுகளுக்கும் இம்முறை பயன்படாது. பொது விலாசங்களின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நிறுவனங்களுக்கென, 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் விலாசங்கள் 2012-ல் ஒதுக்கப்பட்டன. ரூட்டரின் வெளிப்புற விலாசம் இத்தொகுதியில் இருப்பின், விலாசம் மாற்றும் கருவி இன்னொன்று நிறுவனத்தாரிடமும் உள்ளது என்பது பொருள். அந்நிலையில் வீட்டு ரூட்டரை மட்டும் திருத்துவதால் பயனில்லை.

திறந்த வாயிலின் அபாயம்

உரியவருக்குத் திறந்த வாயில் உலகனைத்திற்கும் திறந்ததேயாகும். திறந்த வாயில்களைத் தேடிக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிச் சோதிக்கும் நிரல்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. 2019 மே மாதத்தில் ப்ளூகீப் என்னும் குறைபாடு வெளியாயிற்று. திருத்தப்படாத பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் கடவுச்சொல் இன்றியே அந்நியர் நுழைய அது இடமளித்தது. ஆகவே 3389-ஐ நேரே திறந்துவிடுதல் தகாது. எண்ணை மாற்றிவைப்பதும் ஒளித்தலேயன்றிக் காப்பாகாது.

பாதுகாப்பான முறைகள் உள்ளன. மறைகுறியிட்ட தனிவழி ஒன்றை முதலில் அமைத்து, அதன் உள்ளேயே திரைச் சேவையை வழங்கலாம். 2020-ல் லினக்ஸின் மையப் பகுதியில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு இவ்வகையினது. உரிய சாவி இல்லாதாருக்கு அது மறுமொழியே தராது. பகிர்ந்த விலாசமுடைய வீடுகளில், வீட்டுக் கம்ப்யூட்டரே வெளியிலுள்ள ஓர் இடைநிலையத்தை அழைத்துத் தொடர்பை நிலைநிறுத்தலாம். உள்ளிருந்து தொடங்கும் அழைப்பாதலின் ரூட்டர் அதனைத் தடுப்பதில்லை. 128 பிட் அளவுள்ள ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிப் பொது விலாசம் அமையும். ஆயினும் ரூட்டரின் காவலில் உரிய அனுமதியைப் பதிதல் வேண்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியன

கம்ப்யூட்டர் உறக்க நிலைக்குச் செல்லாதவாறு அமைத்தல், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல், நீண்ட கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பையும் வைத்தல் ஆகியன இன்றியமையாதவை. சோதனையை வீட்டு வலையில் அன்றிக் கைப்பேசி இணைப்பின் வழியாகச் செய்தல் வேண்டும். தேவை முடிந்ததும் வழியை மூடிவிடுதல் நன்று. ஆசிரியரின் கம்ப்யூட்டரில் மாணவரின் மதிப்பெண்களும், களப்பணியாளரின் கம்ப்யூட்டரில் கிராம மக்களின் விவரங்களும் இருத்தல் கூடும். அவை பிறர் நம்பி ஒப்படைத்தவை. வசதியைக் கருதுமளவிற்கு அவற்றின் காவலையும் கருதுதல் கடமையாகும்.