மின்துடிப்பில் அசையும் மூட்டு

பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குப் பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல் நடக்கும்போது தரையில் உரசும். கணுக்காலை மேலே மடக்கும் தசையும் அதற்கான நரம்பும் பெரும்பாலும் கெடாமல்தான் இருக்கும். மூளையின் கட்டளைதான் வந்து சேராது. அதை வெளியிலிருந்து மின்சாரத்தால் தரலாம் என்று விளாடிமிர் லிபர்சனும் அவருடைய குழுவினரும் 1961-இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். காலணிக்குள் குதிகாலின் அடியில் ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் ஓடும் நரம்புக்கு மின்துடிப்புகள் போகும், பாதம் நிமிரும். குதிகால் ஊன்றியதும் அவை நின்றுவிடும்.

இந்தத் துடிப்புகள் நேரடியாகத் தசையைத் தூண்டுவதில்லை, நரம்பைத்தான் தூண்டுகின்றன. தோல்மேல் ஒட்டும் மின்முனை வழியாகச் சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம், ஒவ்வொரு துடிப்பும் 200 முதல் 400 மைக்ரோ விநாடி, விநாடிக்கு 20 முதல் 50 துடிப்புகள்: நரம்பு எழும்ப இவ்வளவு போதும். நரம்பே அறுந்துபோன தசைக்கோ இவற்றைவிடப் பல மடங்கு நீண்ட துடிப்பு தேவை.

தசையைச் சுருங்க வைப்பது எளிது, மூட்டை வேண்டிய கோணத்தில் நிறுத்துவதுதான் கடினம். தசை எலும்பை இழுக்கும் விசையும், மூட்டின் மையத்திலிருந்து அந்த இழுப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் மூட்டைத் திருப்புகின்றன. மூட்டு மடங்க மடங்கத் தசையின் நீளம் மாறுகிறது, இழுக்கும் விசை மாறுகிறது, அந்தத் தொலைவும் மாறுகிறது. ஒரே மின்னோட்டம் முழங்கால் பாதி மடங்கியிருக்கும்போது தரும் விளைவை, அது நீண்டிருக்கும்போது தருவதில்லை. போதாததற்குத் துடிப்பு போய்ச் சேர்ந்த பிறகே, சிறு தாமதத்தோடு, விசை எழுகிறது.

களைப்பு இன்னும் பெரிய தொல்லை. உடல் தானாக இயங்கும்போது எளிதில் சோராத சிறு நார்க்கூட்டங்களை முதலில் அழைக்கிறது, பிறகு அவற்றை மாறி மாறி வேலை வாங்குகிறது. மின்சாரத்துக்கு அந்த நிதானம் கிடையாது. மின்முனைக்கு அருகில் இருப்பவற்றை, சீக்கிரம் சோர்ந்துவிடும் பெரிய நார்கள் உட்பட, ஒரே நேரத்தில் எழுப்புகிறது. சில நிமிடங்களிலேயே அதே மின்னோட்டத்துக்குக் கால் பாதியளவுகூட உயராமல் போகலாம்.

ஆகவே கோணத்தை அளக்கும் உணர்கருவியை மூட்டில் பொருத்தி, இலக்குக்கும் நிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். எதிரெதிர்த் தசைகளை ஒருசேரத் தூண்டினால் மூட்டு விறைத்து நிலைப்படும். அதற்கு விலை கூடுதல் களைப்பு. முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவரை இம்முறையில் எழுப்பி நிறுத்த முடியும். அப்போதும் கைகள் ஊன்றுகோலையோ நடைச் சட்டத்தையோ பிடித்தே ஆக வேண்டும்.

சைக்கிளில் மூட்டின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் சிக்கல் பெரிதும் குறைகிறது. கால் போகும் பாதையைப் பெடல் முன்கூட்டியே வகுத்துவிடுவதால், எந்தத் தசையை எப்போது தூண்டுவது என்பதைப் பெடலின் கோணத்தைக் கொண்டே தீர்மானிக்கலாம். 2016-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த சைபத்லான் என்ற போட்டியில் கால் செயலிழந்தவர்கள் இப்படித் தங்கள் சொந்தத் தசையால் சைக்கிள் மிதித்தார்கள். வென்ற கிளீவ்லாந்து அணியின் வீரருக்கு மின்முனைகள் உடலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தன.