நிற்கும் காருக்கும் வயதாகிறது

கார்க் காப்பீட்டில் வண்டியின் மதிப்பை நிர்ணயிக்க வழக்கமாகப் பின்பற்றப்படும் அட்டவணை ஒன்று உண்டு. விற்பனை விலையிலிருந்து முதல் 6 மாதங்களுக்கு 5 விழுக்காடு, அதன்பின் ஓராண்டு வரை 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு எனத் தேய்மானம் கழிக்கப்படும். 8 லட்சம் ரூபாய் விலையுள்ள கார், ஐந்தாம் ஆண்டில் 4 லட்சம் ரூபாய்க்கே காப்பீடு பெறுகிறது. அது 60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், 6,000 கிலோமீட்டரே ஓடியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அட்டவணை கேட்பது வண்டியின் வயதை மட்டுமே.

வணிகவியல் பாடத்தில் தேய்மானத்துக்கு இரண்டு காரணங்கள் கற்பிக்கப்படுகின்றன. பயன்படுத்துவதால் வருவது ஒன்று. காலம் கடப்பதால் வருவது மற்றொன்று. ஓடாத காருக்கு முதல் வகைத் தேய்மானம் இல்லை. இரண்டாவது வகை சற்றுக் கூடுதலாகவே உண்டு. மெட்ரோ ரயிலில் அலுவலகம் செல்வோர், பணி ஓய்வு பெற்றோர், வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனோர், பிள்ளைகளைக் காண வெளிநாடு சென்றிருப்போர் எனப் பலரது கார்கள் மாதக்கணக்கில் நின்றபடியே இருக்கின்றன. அவர்களுள் நம் வாடிக்கையாளர்களும் பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரை. நின்ற வண்டி பணத்தைக் கரைக்கிறது. அதை அவசரமாக எழுப்ப முற்படுகையில் சில வேளைகளில் உயிருக்கே ஊறு நேர்கிறது. இரண்டையும் தவிர்க்கும் வழிகள் எளியவை.

பேட்டரி

நிற்கும் காரில் முதலில் சோர்வது பேட்டரி. சாவியை எடுத்தபின்னும் திருட்டு எச்சரிக்கைக் கருவி, கடிகாரம், கணினிப் பகுதிகள் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முழுதாக மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது ஏறக்குறைய வெறுமையானதே. அந்நிலையில் நெடுநாள் விட்டால் உள்ளிருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து, பின்னர் மின்னேற்றினாலும் பழைய ஆற்றல் திரும்பாது.

வாசலிலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். ஸ்டார்ட் செய்யும்போது செலவாகும் மின்சாரத்தை அந்தப் பத்து நிமிடம் முழுமையாக ஈடுசெய்வதில்லை. அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுவதே சரியான வழி.

ஒரு மாதத்துக்கும் மேல் வண்டி நிற்குமெனில் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்கலாம். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உலோக உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையில் முதலில் கைவைக்கும்போது ஸ்பேனர் உடலில் பட்டுவிட்டால் பெரும் தீப்பொறி பறக்கும்.

வேறொரு காரின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதும் ஒழுங்கு முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் தீர்ந்த பேட்டரியின் நேர்முனையிலும், பின் நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியின் ஒரு முனை நல்ல பேட்டரியின் எதிர்முனைக்குச் செல்லும். மறுமுனையைத் தீர்ந்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் எஞ்சினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில், பேட்டரிக்குத் தொலைவில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றும். கடைசி இணைப்பில் எழும் பொறி அதன் அருகே எழக் கூடாது. சில புதிய வண்டிகளில் இதற்கெனத் தனி முனைகள் இருப்பதால், உரிமையாளர் கையேட்டை முதலில் பார்ப்பது நன்று.

டயரும் பிரேக்கும்

டயரில் காற்று மாதந்தோறும் சிறிது இறங்குவது இயல்பு. காற்றுக் குறைந்த டயர் ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நின்றால் அப்பகுதி தட்டையாகிவிடும். ஓடாத டயரில் பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் தோன்றினும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்க எண் அதன் பிறந்தநாளைச் சொல்லும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவானது. மாற்று டயரின் எண்ணையும் அவ்வாறே பாருங்கள்.

நெடுநாள் நிறுத்தும்போது கை பிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் பிரேக் பட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, சக்கரத்தின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைப்பது நல்லது. தானியங்கிக் கியர் எனில் ‘பி’ நிலையில் விடுங்கள்.

எண்ணெயும் எரிபொருளும்

‘10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்று பல சர்வீஸ் கையேடுகளில் எழுதியிருக்கும். குறைவாக ஓட்டுவோர் பலர் முதற்பாதியை மட்டுமே வாசிக்கின்றனர். சூடேறாமல் அணைக்கப்படும் எஞ்சினில் ஈரம் தங்கி எண்ணெயின் தன்மையைக் கெடுக்கும். பிரேக் திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது வழக்கம். இன்று நாட்டில் விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலும் ஈரத்தை ஈர்ப்பதே. எனவே பழைய பெட்ரோலைத் தொட்டியில் மாதக்கணக்கில் தேக்கி வைப்பது எஞ்சினுக்கு நல்லதன்று.

எலியும் ஈரமும்

எஞ்சின் அறையின் வெதுவெதுப்பு எலிக்கு உகந்த வீடு. அது மின்கம்பிகளைக் கடிக்கும். சருகும் துணியும் சேர்த்துக் கூடு கட்டும். சூடான புகைக்குழாய் மீது காய்ந்த சருகு விழுந்தால் தீப்பிடிக்கும். ஆகவே நின்ற வண்டியை எழுப்புமுன் பானெட்டைத் திறந்து பாருங்கள். காருக்குள் தின்பண்டத் துணுக்குகளை விடாதீர்கள். பாலித்தீன் உறை ஈரத்தை உள்ளே அடைக்கும். காற்றோட்டமுள்ள துணி உறையே தகுந்தது.

இவை அனைத்துக்கும் பொதுவான மருந்து ஒன்றே. வாரம் ஒருமுறை, இயலாவிடில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும், 15 முதல் 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். குளிர்காலமாயினும் அப்போது ஏசியைச் சில நிமிடங்கள் இயக்குங்கள். ஊரில் இல்லாதோர் நம்பகமான, உரிமம் பெற்ற ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைக்கலாம்.

வீட்டில் பழுது பார்க்கும்போது

சிறு வேலைகளை நாமே செய்துகொள்வது நல்ல பழக்கமே. எனினும் பின்வரும் நான்கில் கவனக்குறைவு கூடாது.

முதலாவது, புகை. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளி அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் எனத் தொடங்கி, உறக்கம் வருவதுபோல் நினைவு தப்பும். காப்பாற்றச் செல்பவரும் அதில் வீழ்வதுண்டு. மூடிய கார் கொட்டகையில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. கதவைப் பாதி திறந்து வைப்பது பாதுகாப்பாகாது. வண்டியை வெளியே கொண்டுவந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். வட மாநிலக் குளிரில் ஹீட்டருக்காகவும், கோடையில் ஏசிக்காகவும் மூடிய இடத்தில் நிற்கும் காரினுள் எஞ்சினை இயக்கியபடி உறங்குவதும் இதே ஆபத்தை உடையது.

இரண்டாவது, ஜாக்கி. வண்டியோடு தரப்படும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு உரியது. வண்டியைத் தாங்கி நிற்பதற்கு உரியதன்று. சிறிய காரும் பல நூறு கிலோ எடையுள்ளது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதோ, கை கால்களை நுழைப்பதோ கூடாது. அடியில் வேலையிருப்பின் அதற்கென விற்கும் இரும்புத் தாங்கிகளைக் கையேடு காட்டும் இடங்களில் நிறுத்த வேண்டும். செங்கல் அடுக்கு திடீரென நொறுங்கும். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சக்கரத் திருகுகளை வண்டியைத் தூக்குமுன் சற்றுத் தளர்த்தி, இறக்கியபின் எதிரெதிராக இறுக்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பமும் சுழற்சியும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். எஞ்சினை அணைத்தபின்னும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தோளில் போட்ட துண்டு, கை வளையல், மோதிரம் எவையும் எஞ்சின் அறைக்கு அருகே வேண்டாம். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவம் பெரும்பாலும் இனிப்புச் சுவையுடையது, நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

நான்காவது, உயர் மின்னழுத்தம். மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைக் கொண்டவை. அவற்றையும் ஸ்டியரிங்கில் உள்ள ஏர்பேக் பகுதியையும் பயிற்சி பெற்றவரே தொட வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. இரு நகரங்களிலும் கீழ்த்தளங்களில் நின்ற கார்கள் நீரில் முழுகின. அத்தகைய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. காற்றுபோல் நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் ஒரே சுழற்சியில் உள்ளுறுப்புகள் வளைந்துவிடும். இவ்வகை எஞ்சின் சேதத்தை அடிப்படைப் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கெனக் கூடுதல் காப்பு தனியே வாங்க வேண்டும். அதன் நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். நீரில் நின்ற வண்டியைப் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்புவதே அறிவுடைமை. எலி கடித்த கம்பிகளுக்கு இழப்பீடு உண்டா என்பதும் பாலிசிக்குப் பாலிசி மாறுபடும், முன்னரே கேட்டறிக.

காகிதங்களும் நின்றுவிடக் கூடாது

‘ஓட்டாத வண்டிக்குக் காப்பீடு எதற்கு’ என்று சில வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. பொது இடத்தில் பயன்படும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும், மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம்; சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. நின்ற வண்டிக்கும் திருட்டு, தீ, வெள்ளம், மரம் சாய்தல் ஆகிய இடர்கள் உள்ளன. அவற்றுக்குச் சொந்தச் சேதக் காப்பீடு தேவை.

பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிடில், உரிமை கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த தள்ளுபடி முழுவதும் பறிபோகும். ஐந்து ஆண்டுகளில் அத்தள்ளுபடி 50 விழுக்காடு வரை வளர்ந்திருக்கும். குறைவாக ஓட்டுவோருக்கு ஒரு வசதியும் உண்டு. ஓட்டும் தொலைவுக்கேற்பச் சொந்தச் சேதக் கட்டணம் குறையும் கூடுதல் காப்புகளை 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. புதுப்பிக்கும்போது அதைப் பற்றி விசாரியுங்கள்.

கார்க் கடன் நிலுவையில் உள்ளவரை வண்டி வங்கிக்கு ஈடு. அதை நல்ல நிலையில் வைத்திருப்பதும் காப்பீட்டைத் தொடர்வதும் கடன் ஒப்பந்தத்தின் பகுதிகளே. வண்டி முழுதும் அழிந்தால் இழப்பீடு முதலில் கடனை அடைக்கும். காப்பீடு இல்லையெனில் வண்டி போனபின்னும் தவணை நிற்காது. கடன் முடிந்ததும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் படிவம் 35ஐயும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிலுள்ள ஈட்டுக் குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்கள் வண்டியை விற்கும் நாளில்தான் இடர்ப்படுகின்றனர்.

பணிமனைக்கு வண்டியை விடும்போது வேலைப் பட்டியலையும் மதிப்பீட்டையும் எழுத்தில் பெறுக. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீதைப் பாதுகாத்து வையுங்கள். இழப்பீடு கோரும்போதும் விற்கும்போதும் அதுவே சான்று.

இறுதியாக ஒரு கணக்கு. ஆண்டுக் காப்பீடு, சர்வீஸ், பேட்டரி, டயர், நிறுத்துமிட வாடகை, மதிப்புத் தேய்மானம் ஆகியவற்றை ஒரு தாளில் கூட்டுங்கள். அத்தொகையை ஓராண்டில் நீங்கள் ஓட்டும் கிலோமீட்டரால் வகுத்தால், ஒரு கிலோமீட்டரின் உண்மை விலை தெரியும். வாடகைக் காரின் கட்டணத்தைவிட அது பன்மடங்கு உயர்ந்திருந்தால், இன்னும் மதிப்புள்ளபோதே வண்டியை விற்றுவிடுவதும் நல்ல பராமரிப்புதான். வைத்திருப்பதென முடிவெடுத்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே டயரின் காற்றைப் பார்த்துவிட்டு இருபது கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள்.