துணியின் மறுபக்கத்தைப் பாருங்கள்!

தையற்கடையில் பனாரஸ் பட்டு ரவிக்கையோ பாவாடையோ தைத்து மிஞ்சிய துண்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது!

துணியில் நீளவாட்டில் ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடும் இழை ஊடை. இது நீங்கள் அறிந்ததே. பூவேலைப் பட்டான புரோகேடில் இன்னோர் ஊடையும் உண்டு. பெரும்பாலும் அது சரிகையாக இருக்கும். ஊசி கொண்டு ஒரு பூவின் சரிகையை மட்டும் மெல்ல உருவிப் பாருங்கள். பூ மறைந்துவிடும், துணி அப்படியே இருக்கும். அந்தப் பூ துணியின்மேல் பின்னர் தைத்ததன்று. துணியோடு சேர்ந்தே நெய்யப்பட்டது.

அப்படியானால், ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் எவை எப்போது மேலெழ வேண்டும் என்பது தறிக்கு எப்படித் தெரியும்? முற்காலத்தில் காசி நெசவாளர்கள் பூவின் உருவத்தை நூல்களாலேயே கட்டி வைத்தார்கள். அதற்கு 'நக்ஷா' என்று பெயர். உதவியாள் ஒருவர் அதற்கேற்பக் கயிறுகளை வரிசையாக இழுப்பார், பாவு எழும், நெசவாளர் சரிகையைச் செலுத்துவார்.

பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் இவ்வேலைக்குத் துளையிட்ட அட்டைகளைக் கொண்ட பொறியை அமைத்தார். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. பிற்காலத்தில் காசித் தறிகளிலும் இப்பொறி ஏறியது. கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட இயந்திரத்துக்கு இதே அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார்!

இனி, துண்டைத் திருப்புங்கள். பூக்களுக்கிடையே வெட்டிவிட்ட நூல் நுனிகள் தெரிகின்றனவா? அது வெட்டு வேலை. சரிகை ஓரத்துக்கு ஓரம் ஓடியிருக்கும். பூ இல்லாத இடங்களில் தொங்கிய பகுதியைப் பின்னர் கத்தரித்திருப்பார்கள். நுனிகள் இல்லாமல், சரிகை பூவுக்குள்ளேயே திரும்பித் திரும்பி ஓடியிருந்தால் அது 'கடுவா' வேலை. இதில் ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிக் குச்சியில் சரிகை சுற்றிக் கையால் நெய்வார்கள். சரிகை வீணாகாது, எளிதில் பிரியவும் செய்யாது. ஆனால் ஒரு சேலைக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும்.

விசைத்தறி நகல் மிக விரைவில் நெய்யப்பட்டு, குறைந்த விலைக்கு வந்துவிடுகிறது. அதைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் வாங்குபவர் ஏமாறுகிறார். நெசவாளர் பிழைப்பை இழக்கிறார். 2009-இல் பனாரஸ் புரோகேடுகளுக்கும் சேலைகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் துணியைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டுமல்லவா? ஒன்றை நினைவில் வையுங்கள்: கைத்தறியிலும் வெட்டு வேலை உண்டு. ஆகவே நுனிகளைக் கண்டதும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: கட்டத்தாளில் பக்கத்துக்கு 8 கட்டமாக 64 கட்டங்களில் ஒரு பூ வரையுங்கள். நிறமிட்ட கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என்று எழுதுங்கள். ஒரு வரிசை என்பது ஓர் அட்டை. படத்தைக் காட்டாமல் எண்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். நண்பர் தம் தாளில் நிறமிடட்டும். அங்கே அதே பூ மலர்ந்தால், நீங்களும் ஒரு நக்ஷா கட்டிவிட்டீர்கள்!