நாலு காயிலையும் மாற்ற வேண்டுமா?

வீட்டுக் கார் மேட்டில் திணறி மிஸ்ஸிங் அடித்தால், மெக்கானிக் சொன்னபடி நாலு இக்னிஷன் காயிலுக்கும் பணம் கட்டிவிடுகிறோம். ஒரு மூட்டைப் பருப்பில் வண்டு விழுந்தால் குடோன் சரக்கையே கொட்டுவோமா?

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கி பிளக்கில் பொறி தட்ட வைப்பது காயில். பழைய அம்பாசடரில் எல்லா சிலிண்டருக்கும் ஒன்றே. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் பிளக்குக்கு ஒன்று. அப்படிப்பட்ட வண்டியில், எஞ்சின் ஆறியதும் சந்தேகக் காயிலைப் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஸ்கேனரில் 1-ஆம் சிலிண்டர் என்று காட்டிய கோளாறு 2-க்கு நகர்ந்தால் காயில்தான் பழுது. நகராவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் ஒரே காயிலோடு வேலை முடிந்தது.

பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் காயிலுக்குச் சுமை ஏறும். ஆகவே பிளக்கை மட்டும் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். காயிலைப் பில்லோடு வாங்குங்கள். பில்லில்லாச் சரக்கின் லட்சணம் நமக்குத் தெரியாததா?

எஞ்சின் விளக்கு மினுக்கினால், கொள்முதல் அவசரமானாலும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலைக்குப் பல காயில்கள் வாங்கலாம்.