காணாமல் போன இரண்டு நட்சத்திரக் குறிகள்

காப்பு நகல் எடுக்கும்போது எந்தக் கோப்புறைகளை விட்டுவிட வேண்டும் என்று கணினிக்குச் சொல்ல ஓர் ஆப்ஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விளக்கக் குறிப்பில் /வார்/*/லாக்/* என்ற பாதை உதாரணமாகத் தரப்பட்டிருக்கிறது. கணினியில் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும், குறிகள் இவையேதான். நட்சத்திரக் குறிக்கு ‘இந்த இடத்தில் எந்தப் பெயர் வந்தாலும் சரி’ என்று பொருள். ஆனால் குறிப்பு எழுதப்பட்டிருப்பது மார்க்டவுன் முறையில். அந்த முறையில் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே வருவது சாய்வெழுத்தாகிவிடும், நட்சத்திரங்கள் திரையில் தெரியாது. ஆகவே படிப்பவர் காண்பது /வார்//லாக்/ என்பதைத்தான். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் அடுத்தடுத்து வரும் இரண்டு சாய்கோடுகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் இதை அப்படியே அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் பிழைச்செய்தி எதுவும் எழாது. கணினியின் பொதுப் பதிவுகள் சேரும் கோப்புறையே காப்பு நகலிலிருந்து சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். மென்பொருளில் ஒரு வரிகூடத் தவறில்லை. குறிப்பை எழுதியவரும் சரியாகத்தான் எழுதினார். இடையில் இருந்த மார்க்கப், அதாவது வடிவம் சொல்லும் குறிமுறை, இரண்டு குறிகளை விழுங்கிவிட்டது.

இப்படிப்பட்ட பிழைகளைத் திருத்தும் வேலைக்கு மென்பொருள் உலகில் பெரிய மரியாதை கிடையாது. ‘வெறும் ஆவணத் திருத்தம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். கதையிலோ கட்டுரையிலோ ஓர் அச்சுப்பிழை வந்தால் வாசகர் மனத்துக்குள் திருத்திக்கொண்டு போய்விடுவார், அங்கே அந்த அலட்சியம் செல்லுபடியாகலாம். ஆப்ஷன் விளக்கத்தை யாரும் அப்படிப் படிப்பதில்லை. அதைத் தேடி வருபவர் ஒரே ஒரு வரியை நகலெடுத்துத் தன் கோப்பில் ஒட்டிவிட்டுப் போகிறார். எனவே அங்குள்ள மார்க்கப் பிழையை மென்பொருளின் பிழையாகவே எண்ண வேண்டும், மென்பொருளுக்கு வைக்கும் அதே சோதனைகளை அதற்கும் வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் விநியோகம் நல்ல சான்று. மற்ற பெரும்பாலான லினக்ஸ்களில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் கோப்பைத் திறந்து திருத்துவார்கள். நிக்ஸ்ஓஎஸ்ஸில் கணினி முழுவதையும் ஒரே மொழியில் எழுதப்படும் அமைப்புக் கோப்புகள் தீர்மானிக்கின்றன. எந்தப் பயனர்கள் இருக்க வேண்டும், எந்தப் பிணையத் துறை (போர்ட்) திறந்திருக்க வேண்டும், எந்தத் தரவுத்தளம் ஓட வேண்டும் என்பதெல்லாம் ஆப்ஷன்கள். அவற்றின் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் மேல். ஒவ்வோர் ஆப்ஷனையும் அறிவிக்கும் இடத்திலேயே அதன் வகை, இயல்பு மதிப்பு, உதாரணம், விவரிப்பு ஆகியவற்றை எழுதிவைக்கலாம். கையேட்டின் ஆப்ஷன் பட்டியல், முனையத்தில் படிக்கும் மேன் பக்கம், இணையத் தேடல் மூன்றும் அந்த ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன. மூலத்தில் ஒரு குறி பிசகினால் மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கோணலாகும்.

அந்த விவரிப்புகள் நெடுங்காலம் டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருந்தன. ஒரு கோப்பின் பெயரைக் குறிக்கக்கூடத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் போட வேண்டும். ‘அண்ட்’ குறியையோ கோண அடைப்பையோ மறந்துபோய் அப்படியே எழுதிவிட்டால், அந்த ஒரு விவரிப்புக்காகக் கையேடு முழுவதும் உருவாகாமல் நின்றுவிடும். எழுதுபவர்களுக்கு அது பெருந்தொல்லை. 2022 நவம்பரில் வந்த 22.11 வெளியீட்டில் டாக்புக் விவரிப்புகள் கைவிடத்தக்கவை என அறிவிக்கப்பட்டன. 23.05 வெளியீடு அவற்றைக் கண்டால் எச்சரித்தது. அதன் பிறகு மார்க்டவுனின் வரையறுத்த வடிவமான காமன்மார்க்கே இயல்பானது. இடைக்காலத்தில் எந்த விவரிப்பு புது வடிவத்தில் இருக்கிறது என்று காட்ட ஒவ்வொன்றையும் ஒரு சிறு உறைக்குள் போட வேண்டியிருந்தது. உறையை மறந்தால் மார்க்டவுன் குறிகள் திரையில் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். பழைய டாக்புக் உரையைத் தவறிப்போய் உறைக்குள் போட்டால் கோண அடைப்புகள் எட்டிப்பார்க்கும். பார்த்ததும் தெரிந்துவிடும் என்பதால் இவை ஆபத்தில்லாத பிழைகள்.

ஆபத்தானவை கண்ணில் படாதவை, அவை மார்க்டவுனின் இயல்பிலேயே இருக்கின்றன. காமன்மார்க் வரையறைப்படி எந்த எழுத்துத் தொடரும் செல்லுபடியாகும் ஆவணம்தான். அதாவது அந்த மொழியில் ‘இலக்கணப் பிழை’ என்ற ஒன்றே இல்லை. எதை எழுதினாலும் அதற்கு ஏதோ ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டு அது நடையைக் கட்டிவிடும். குறிப்பிட்ட நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் நிரலில் ‘ஒவ்வொரு நிமிடமும்’ என்பதை ஐந்து நட்சத்திரங்களால் எழுதுவார்கள். மார்க்டவுனில் ஐந்து நட்சத்திரங்கள் தனி வரியாக நின்றால் அது பக்கத்தைப் பிரிக்கும் ஒரு கோடாகிவிடும். அதே வரியில் பின்னால் ஒரு கட்டளையும் இருந்தால், ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து பட்டியல்கள் முளைக்கும். ‘இங்கே உங்கள் பெயரை இடுக’ என்ற பொருளில் கோண அடைப்புக்குள் எழுதும் சொல்லைப் பல மாற்றிகள் எச்டிஎம்எல் குறியாக எண்ணி உலாவியிடம் தந்துவிடும். உலாவி அதை அறியாததால் ஒன்றும் காட்டாது, வாக்கியத்தின் நடுவில் ஒரு வெற்றிடம்தான் மிஞ்சும். டாக்புக் ஊரைக் கூட்டி அலறியது. மார்க்டவுன் சிரித்த முகத்தோடு தப்பாகச் சொல்கிறது. எழுதும் சிரமம் குறைந்தது மெய்யான லாபம்தான், மாற்றம் தவறென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சிரமத்தோடு சேர்ந்து ஒரு காவலாளும் வேலையை விட்டுப் போனார் என்பதைக் கணக்கில் எழுத வேண்டும்.

இது புது மார்க்கப்பின் கோளாறு மட்டுமல்ல. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதன் வழியில் வந்த மேன் பக்கங்கள் இன்றும் ராஃப் என்ற வடிவமைப்பு மொழியிலேயே எழுதப்படுகின்றன. அதில் ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அது உரையல்ல, வடிவமைப்புக் கட்டளை. அறியாத கட்டளையாக இருந்தால் அந்த வரியையே விட்டுவிட்டுப் போய்விடும். எச்சரிக்கையைக் கேட்டுப் பெற்றால்தான் உண்டு. வேடிக்கை என்னவென்றால், யூனிக்ஸில் பயனரின் அமைப்புக் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே புள்ளியில்தான் தொடங்குகிறது. கோப்பின் பெயர் வாக்கியத்தின் நடுவில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பிறகு ஒருவர் முந்தைய வரியில் ஒரு சொல்லைச் சேர்க்கிறார், தொகுப்பான் வரிகளை மறுபடி மடித்து ஒழுங்கு செய்கிறது, கோப்பின் பெயர் அடுத்த வரியின் தலைக்கு வந்துவிடுகிறது. அந்த வரி முழுவதும் கையேட்டிலிருந்து மறைந்துபோகிறது. மாற்றத்தைச் சரிபார்ப்பவரின் கண்ணுக்கு அது வெறும் வரி மடிப்பு.

கழித்தல் குறியின் கதை இன்னும் விசித்திரம். ராஃபில் சாதாரணமாகத் தட்டும் சிறுகோடு சொல்லிணைப்புக் கோடு. கட்டளைகளின் ஆப்ஷன்களுக்கு முன் வரும் கழித்தல் குறி வேண்டுமென்றால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், யூனிகோடில் வெவ்வேறு எழுத்துகள். பல ஆண்டுகளாகக் கருவிகள் இந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்தாததால் எழுதுபவர்களும் பெரிதுபடுத்தவில்லை. ராஃபைப் படித்துப் பக்கமாக்கும் கருவியான ஜிராஃபின் 2023இல் வந்த 1.23 வெளியீடு விதியை உள்ளபடி நடைமுறைப்படுத்தியது. உடனே எண்ணற்ற மேன் பக்கங்களில் இருந்த ஆப்ஷன்கள், நகலெடுத்து ஒட்டினால் வேலை செய்யாதவையாக மாறின. டெபியன் போன்ற விநியோகங்கள் தங்கள் பக்கத்தில் விதியைத் தளர்த்திப் பழைய நிலைக்கே திரும்பின. விதி சரியா, வழக்கம் சரியா என்ற வாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் யாரும் கவலைப்படாத ஒரு சிறுகோடு, பல பத்தாண்டுகள் கழித்துத் தேடலையும் நகலெடுப்பையும் உடைக்கக்கூடியதாக இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

குறி விடுபடுவது தமிழுக்கு அறிமுகமான சங்கடம்தான். ஓலை கிழிந்துவிடும் என்று சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடில்லாமல் நின்றன. பதிப்பாசிரியர்கள் பொருளையும் யாப்பையும் வைத்து மீட்டெடுத்தார்கள். ஆனால் புள்ளி இல்லை என்பது சுவடியைக் கையில் எடுத்தவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆப்ஷன் விளக்கத்தைப் படிப்பவருக்கோ அங்கே ஒரு குறி இருந்தது என்பதே தெரியாது. இல்லாததைச் சந்தேகிக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழுவது, மூல நிரல் திறந்துதானே கிடக்கிறது, சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாமே என்பது. சந்தேகம் வந்தால் என்ற சொற்களிலேயே விடை இருக்கிறது. காணாமல் போன நட்சத்திரம் சந்தேகத்தை எழுப்பாது. இரண்டாவது தடை, குறிகளே வேண்டாம், வெற்று உரையாக எழுதிவிடுங்கள் என்பது. பாதி நியாயமான பேச்சு. குறிகள் குறையக் குறையப் பிசகும் இடமும் குறையும், டாக்புக்கை விட்டு வெளியேறியதன் பின்னணியிலும் அந்த நியாயம் உண்டு. ஆனால் வெற்று உரையில் எது கோப்பின் பெயர், எது வேறோர் ஆப்ஷனின் பெயர் என்று கருவிக்குத் தெரியாது. தெரியாவிட்டால் இணைப்பும் கொடுக்க முடியாது, அந்தப் பெயர் உண்மையில் இருக்கிறதா என்று சோதிக்கவும் முடியாது. நிக்ஸ்ஓஎஸ் விவரிப்புகளில் ஒரு சொல்லை ஆப்ஷன், கோப்பு, கட்டளை, மேன் பக்கம் என்று வகை சொல்லிக் குறிக்க வழி உண்டு. அழகுக்காகப் போடும் குறியைக் குறைத்து, பொருள் சொல்லும் குறியைக் காப்பதே தக்க வழி.

கனமான தடை மூன்றாவது. சிறு திருத்தங்கள் பராமரிப்பாளர்களின் நேரத்தைத் தின்கின்றன என்கிறார்கள், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2020 அக்டோபரில், திருத்தம் அனுப்பினால் டி-சர்ட் தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, அறிமுகக் கோப்புகளில் ஒன்றிரண்டு பாராட்டுச் சொற்களைச் செருகிய வெற்றுத் திருத்தங்கள் திட்டங்களின் வாசலில் குவிந்தன. விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே என்று விதியையே ஏற்பாட்டாளர்கள் மாற்ற வேண்டிவந்தது. ஆனால் அந்தக் குவியலில் இருந்தவை எதையும் திருத்தவில்லை. திரையில் என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளை ஒரு திருத்தத்தோடு இணைக்கச் சொன்னாலே இரண்டு ரகமும் பிரிந்துவிடும். அதோடு, ஒருவர் கண்ணால் தேடிப் பிடிக்கும் பிழைகளில் பெரும்பகுதியைக் கருவியே பிடித்திருக்கலாம். நிக்ஸ்ஓஎஸ் கையேட்டை உருவாக்கும் கருவி உடைந்த உள் இணைப்பைக் கண்டால் நிற்கிறது. ஆப்ஷன் விவரிப்புக்குள் தலைப்பு போட்டிருந்தால் ஏற்க மறுக்கிறது. போன காவலாளின் இடத்துக்கு வந்த புதுக் காவல் இது. இன்னும் விரிக்கலாம். சாய்வெழுத்துக்குள் சாய்கோடு வந்தால் எச்சரிக்கலாம், ஆப்ஷன் விவரிப்பில் பக்கப் பிரிப்புக் கோட்டையே தடைசெய்யலாம். புள்ளியில் தொடங்கும் அறியாத வரியைக் காட்டும் எச்சரிக்கை ராஃபில் ஏற்கெனவே இருக்கிறது, அதை இயல்பாக ஓடவிட்டால் போதும்.

அப்படியும் கருவி பிடிக்காதவை மிஞ்சும். எழுதியவர் சாய்வெழுத்தைத்தான் விரும்பினாரா, நட்சத்திரத்தைத்தான் எழுதினாரா என்பது சில இடங்களில் எந்த விதிக்கும் எட்டாது. அங்கே மெய்ப்புப் பார்ப்பவரின் கண்தான் வேண்டும், அதுவும் மூலக் கோப்பின் மேல் அல்ல, உருவான பக்கத்தின் மேல். நிரல் மாற்றங்களைச் சரிபார்க்கும் வழக்கமான திரைகள் மூலத்தைத்தான் காட்டுகின்றன, மூலத்தில் அந்த இரண்டு நட்சத்திரங்களும் பத்திரமாகவே இருக்கின்றன. உருவான ஆப்ஷன் பக்கத்தையும் பழையது, புதியது என்று அருகருகே காட்ட ஏற்பாடு இருந்தால், பாதையின் கடைசியில் சாய்ந்து நிற்கும் /லாக்/ யாருடைய கண்ணையாவது உறுத்தும். அதன்பின் பாதைக்கு முன்னும் பின்னும் ஒரு பின்மேற்கோள் குறியைப் போட்டு நிரல் எழுத்தாக்கிவிட்டால் வேலை முடிந்தது. மொத்தம் இரண்டு எழுத்துகள்.